திராட்சைத் தோட்டங்களின் ஊடாக லூர்து வரை

யூலை, ஆகஸ்ட் மாதங்களில் எங்கள் தீவகத்து வீடுகளில் பூட்டிக் கிடந்த அறைகள் திறக்கப்படும். பரிசிலிருந்து மகள் வருவாள், மருமகன் வருவார், தமிழைத் தயங்கித் தயங்கிப் பேசும் பேரப்பிள்ளைகள் வருவார்கள். நாரந்தனை, கரம்பொன், சரவணை, புங்குடுதீவு என்று எந்த ஊரை எடுத்தாலும் பிரான்சில் உறவில்லாத குடும்பங்கள் குறைவு. வந்தவர்கள் காட்டும் படங்களில் ஒன்று மட்டும் பல வீடுகளில் ஒரே மாதிரி இருக்கும். லூர்து மாதா கெபிக்கு முன்னால் குடும்பம் முழுவதும் வரிசையாக நிற்கும் படம் அது. கத்தோலிக்கர் மட்டுமன்றிச் சைவக் குடும்பங்களும் அங்கே சென்று மெழுகுதிரி கொளுத்தி, ஊற்று நீரைப் போத்தலில் எடுத்து வருவது இன்று வழக்கமாகிவிட்டது.

பணி நிமித்தம் வீடுகளுக்குச் செல்லும்போது அந்தப் படங்களைப் பார்த்துவிட்டு நான் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "போற வழியிலை என்ன கண்டனீங்கள்?" பெரும்பாலும் கிடைக்கும் பதிலும் ஒன்றுதான். "இரவோடிரவா ஓடினது, ஒண்டும் தெரியேல்லை."

அந்த இருட்டில் அவர்கள் கடந்து போனது உலகில் பேர்பெற்ற திராட்சை நாட்டை. பிற நாட்டவர் பணம் செலவழித்து, நாட்கணக்கில் தங்கிப் பார்க்கும் நிலம் அது. எம்மவர் பல ஆண்டுகள் அங்கு உழைத்தும், வரி கட்டியும், அதைக் கண்ணாடிக்கு வெளியே இருட்டாகவே காண்கிறார்கள். போய் வந்த சகோதரிகள் சொன்னவற்றையும் படித்து அறிந்தவற்றையும் சேர்த்து, அந்தப் பாதையைப் பகலில் பார்த்தால் ஒரு குடும்பம் எவற்றை அறிந்துகொள்ளலாம் என்பதை இங்கே எழுதுகிறேன்.

வாகனத்துக்குள்ளும் ஒரு குசினி

பரிசிலிருந்து லூர்து ஏறக்குறைய 850 கிலோமீற்றர். யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்குப் போய்த் திரும்பி வரும் தூரத்திலும் சற்றுக் கூட. நிற்காமல் ஓடினால் எட்டு, ஒன்பது மணித்தியாலம் எடுக்கும்.

இந்தப் பயணம் ஒரு தாய்க்கு எப்படித் தொடங்குகிறது என்று பாருங்கள். வெள்ளிக்கிழமை வேலை முடிந்து வந்ததும் அவள் புட்டு அவிக்கிறாள், கோழிக்கறி பிரட்டுகிறாள், முட்டை அவிக்கிறாள், சம்பல் இடிக்கிறாள். பிள்ளைகளின் உடுப்பு, மாமியின் மருந்து, கடதாசிக் கோப்பை எல்லாம் அவள் பொறுப்பு. இரவு பத்து மணிக்கு வான் புறப்படும். முன் ஆசனத்தில் ஆண்கள் இருவர். நடு வரிசையில் சின்னவனின் தலையை மடியில் வைத்துக்கொண்டு அவள். விடிய ஐந்து மணிக்கு வீதியோர ஓய்விடம் ஒன்றில் எல்லோரும் இறங்கிச் சோம்பல் முறிக்க, அவள் சாப்பாட்டுப் பொதிகளை அவிழ்க்கிறாள். சனிக்கிழமை லூர்து, ஞாயிறு திரும்பும் ஓட்டம், திங்கள் அதிகாலை மீண்டும் துப்புரவு வேலை. இதில் அவளுக்கு ஓய்வு எங்கே?

பதினைந்து, இருபது ஆண்டுகள் அங்கு வாழ்ந்த எங்கள் பெண்கள் பலருக்குத் தெரிந்த பிரான்ஸ் நான்கு இடங்களுக்குள் அடங்கிவிடுகிறது. மெட்ரோ, வேலைத்தலம், பிள்ளையின் பள்ளிக்கூடம், லாச்சப்பல் கடைத்தெரு. மொழி தெரியாமை ஒரு காரணம். நேரமும் பணமும் இல்லாமை இன்னொன்று. "அவர் கூட்டிக்கொண்டு போனால் போகலாம்" என்ற எண்ணம் மூன்றாவது. ஊரில் ஆலய மணியோசை கேட்கும் தூரத்துக்குள் வளர்ந்தவள், அங்கே ரயில் பாதை போகும் தூரத்துக்குள் வாழ்கிறாள்.

இதை மாற்றப் பெரிய செலவு தேவையில்லை. இரவில் புறப்படுவதை விட்டுச் சனிக்கிழமை காலையில் புறப்பட்டு, நடுவில் ஒரு இரவு தங்கினால் போதும். பிரான்சின் கிராமப்புறங்களில் 'ஜீத்' என்று சொல்லப்படும் வாடகை வீடுகள் உண்டு. சமையலறையோடு கிடைக்கும். இரண்டு குடும்பங்கள் சேர்ந்தால் செலவு பாதி. அன்றைய சமையலை மூத்த பிள்ளைகளும் தகப்பனும் பார்த்துக்கொள்ளட்டும். பாணும் பாற்கட்டியும் பழமும் சாப்பிட்டால் ஒருநாள் வயிறு கோபிக்காது. எங்கே நிறுத்துவது என்பதில் ஒரு இடத்தையாவது அம்மா தெரிவு செய்யட்டும்.

இன்னொரு நன்மையும் இதில் உண்டு. வீட்டில் ஒவ்வொரு பிள்ளையும் ஒவ்வொரு அறையில், ஒவ்வொரு திரையின் முன்னால். வானில் எல்லோரும் ஒரே இடத்தில். தகப்பன் 1990களின் தொடக்கத்தில் தீவை விட்டு எப்படி வெளியேறினார், கொழும்பில் எத்தனை மாதம் காத்திருந்தார், எந்தெந்த நாடு கடந்து வந்தார் என்பது பல பிள்ளைகளுக்குத் தெரியாது. பகற் பயணத்தில் அந்தக் கதை தானாக வரும்.

கண்ணாடிக்கு வெளியே

பரிசை விட்டுத் தெற்கே இறங்கினால் முதலில் கோதுமை வயல்கள். பிறகு லுவார் ஆறு. தூர் நகரை அண்டிய அதன் கரைகளில் திராட்சைத் தோட்டங்கள் தொடங்கும். புவாத்தியே நகரைக் கடந்து இன்னும் தெற்கே போனால் கொன்யாக் நாடு. அங்கு விளையும் வெள்ளைத் திராட்சையிலிருந்து எடுத்த வைனைச் செப்புப் பாத்திரத்தில் இரண்டு தரம் வடித்து, ஓக் மரப் பீப்பாவில் குறைந்தது இரண்டு ஆண்டுகள் வைத்த பின்னரே விற்கிறார்கள்.

அதன்பின் போர்தோ. கரோன், தோர்தோஞ் என்ற இரு ஆறுகள் சேரும் பகுதி. சில ஆண்டுகளுக்கு முன்வரை அந்த வட்டாரத்தில் ஒரு இலட்சம் ஹெக்டயருக்கு மேல் திராட்சை இருந்தது. எங்கள் யாழ்ப்பாண மாவட்டத்தின் முழுப் பரப்பும் ஏறக்குறைய அவ்வளவுதான். பண்ணையிலிருந்து பருத்தித்துறை வரை வீடு, வீதி, கோயில் எதுவுமில்லாமல் ஒரே பயிர் என்று நினைத்துப் பாருங்கள்.

போர்தோவுக்குச் சற்றுக் கிழக்கே செந்த் எமிலியோன் என்ற சிற்றூர் இருக்கிறது. சுண்ணாம்புக்கல் மேட்டில் அமைந்த ஊர். அதன் பழைய தேவாலயம் ஒன்று நிலத்தின் மேல் கட்டப்பட்டதல்ல, பாறையைக் குடைந்து செய்யப்பட்டது. ஊரையும் சூழவுள்ள தோட்டங்களையும் சேர்த்து 1999இல் யுனெஸ்கோ உலக மரபுரிமை இடமாக ஏற்றுக்கொண்டது. யாத்திரை போகும் குடும்பம் இரவு தங்குவதற்கு இந்தப் பக்கம் பொருத்தமானது. பாதித் தூரத்துக்கு மேல் வந்துவிடும். மறுநாள் லூர்துக்கு மூன்று மணித்தியாலத்துக்குச் சற்று அதிகமான ஓட்டமே மிச்சம்.

போர்தோவைத் தாண்டினால் லாந்த் என்னும் பைன் காடு மணிக்கணக்காக வரும். அது இயற்கைக் காடல்ல. மணலும் சேறுமாகக் கிடந்த நிலத்தில் 19ஆம் நூற்றாண்டில் சட்டம் போட்டு நட்டு வளர்த்த காடு. எங்கள் மணற்காட்டுச் சவுக்கந்தோப்பை நினைத்துக்கொள்ளலாம். பிறகு போ என்ற நகரம். எங்கள் காதுக்கு வேடிக்கையான பெயர். அங்கிருந்து பிரனே மலைத்தொடர் தெரியத் தொடங்கும். அடிவாரத்தில் லூர்து. 1858இல், பெப்ரவரி 11 தொடக்கம் யூலை 16 வரை, 14 வயதுப் பெர்னதெத் என்ற ஏழை மில்காரனின் மகளுக்கு மாதா 18 தடவைகள் காட்சி கொடுத்ததாகத் திருச்சபை ஏற்றுக்கொண்ட இடம்.

இடுப்பளவு கொடியும் போடோக் கலவையும்

எங்கள் ஊரில் திராட்சை தலைக்கு மேலே பந்தலில் படரும். அங்கே அது இடுப்பளவுக்கு மேல் வளர விடப்படுவதில்லை. கம்பி கட்டிய நேர் வரிசைகள். குளிர்காலத்தில் இலை முழுவதும் உதிர்ந்து கொடி உறங்கும். அப்போது ஒவ்வொரு செடியையும் கையால் கத்தரிக்க வேண்டும். ஆண்டுக்கு ஒரே அறுவடை, செப்ரெம்பர், ஒக்ரோபரில்.

இந்தத் தோட்டங்களுக்கும் எங்கள் தோட்டக்காரருக்கும் ஒரு நேரடித் தொடர்பு இருக்கிறது. வலிகாமத்தில் திராட்சையோ தக்காளியோ வைத்தவர்களிடம் போடோக் கலவை என்றால் விளக்கம் தேவையில்லை. ஒரு கிலோ மயில்துத்தம், ஒரு கிலோ சுண்ணாம்பு, 100 லீற்றர் தண்ணீர். அந்தப் போடோ இந்தப் போர்தோதான். 1882இல் போர்தோவுக்கு அருகே மெதோக் பகுதியில் மில்லார்தே என்ற தாவரவியல் பேராசிரியர் ஒரு விடயத்தைக் கவனித்தார். பூஞ்சண நோயால் தோட்டமே இலையுதிர்ந்து நிற்க, வீதியோரக் கொடிகள் மட்டும் பச்சையாக இருந்தன. வழிப்போக்கர் பழம் பிடுங்காதிருக்க, தோட்டக்காரர் அவற்றின்மேல் மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்து பூசியிருந்தார்கள். நஞ்சு போலத் தெரியட்டும் என்பதற்காகப் பூசியது மருந்தாயிற்று. 1885இல் அவர் அதை வெளியிட்டார். அது கடல் கடந்து எங்கள் செம்மண் தோட்டம் வரை வந்தது. பேரப்பிள்ளை அங்கே வான் யன்னலால் பார்க்கும் கொடிக்கும் தாத்தா இங்கே தெளிக்கும் மருந்துக்கும் உள்ள உறவை அவர்களுக்குச் சொல்லிக் கொடுங்கள்.

அதே நூற்றாண்டில் அமெரிக்காவிலிருந்து வந்த ஒரு வேர்ப்பூச்சி பிரான்சின் திராட்சையைப் பெருமளவு அழித்தது. அந்தப் பூச்சியைத் தாங்கும் அமெரிக்க வேரில் பிரெஞ்சுக் கொடியை ஒட்டித்தான் மீட்டார்கள். இன்று அங்கு நிற்கும் கொடிகள் மிகப் பெரும்பாலும் ஒட்டுக் கொடிகளே. பழம் பிரான்சினுடையது, வேர் அந்நியம். பிறந்த மண் ஒன்று, வளர்ந்த மண் வேறு என்று குழம்பி நிற்கும் எங்கள் பிள்ளைகளுக்கு இது ஆறுதலான செய்தியாக இருக்கலாம்.

யாருடைய கைகள்?

அழகான கொடி வரிசைகளைப் பார்க்கும்போது அதைச் செய்தவர் யார் என்றும் கேட்கவேண்டும். போர்தோவுக்குத் தெற்கே சோத்தேர்ன் என்ற பகுதியில் பழத்தில் பூஞ்சணம் பிடித்துச் சுருங்கும்வரை விடுகிறார்கள். அந்தப் பழத்தில்தான் இனிப்பு அதிகம். எல்லாப் பழமும் ஒரே நாளில் அந்த நிலைக்கு வராது. ஆகவே ஒரே வரிசைக்குப் பல தடவை போய், பார்த்துப் பார்த்துக் கிள்ளவேண்டும். அந்த வைன் விலை கூடியதற்கு இந்தக் கைவேலை பெரிய காரணம்.

அறுவடைக்குக் கூலியாட்கள் பெருமளவில் வெளியிலிருந்து வருகிறார்கள். முன்பு ஸ்பெயினிலிருந்து, இன்று கிழக்கு ஐரோப்பாவிலிருந்தும் ஆபிரிக்காவிலிருந்தும். எல்லா இடத்திலும் அவர்கள் நன்றாக நடத்தப்படுவதில்லை. பரிசுக்குக் கிழக்கேயுள்ள ஷம்பாஞ் பகுதியில் 2023 அறுவடையின்போது, மேற்கு ஆபிரிக்காவிலிருந்து வந்த, பெரும்பாலும் விசா இல்லாத 50க்கு மேற்பட்ட தொழிலாளர்கள் மிக மோசமான இடத்தில் அடைத்து வைக்கப்பட்டு வேலை வாங்கப்பட்டது வெளிவந்தது. 2025 யூலையில் நீதிமன்றம் அதை மனித வியாபாரம் என்று தீர்ப்பளித்து மூவரைத் தண்டித்தது. விசா இல்லாத காலத்தில் உணவகக் குசினிகளின் பின்பக்கம் வேலை செய்த எம்மவருக்கு இது அந்நியமான கதையல்ல. விழாவில் திறக்கப்படும் விலையுயர்ந்த போத்தலுக்குள்ளும் இப்படி ஒரு கதை இருக்கக்கூடும்.

தோட்டக்காரரும் எல்லோரும் செல்வந்தர் அல்லர். வைன் குடிப்பவர் குறைந்ததால் போர்தோவில் சிறு தோட்டக்காரர் பலர் கடனில் விழுந்தார்கள். 2023இல் கொடிகளைப் பிடுங்குவதற்கு ஹெக்டயருக்கு 6,000 யூரோ உதவித்தொகை அறிவிக்கப்பட்டது. வெங்காயம் விலை போகாமல் தோட்டத்திலேயே விட்ட எங்கள் கமக்காரருக்கு அவர்களின் மனம் விளங்கும்.

விதவைகள் நடத்திய தொழில்

ஷம்பாஞ் வைன் போத்தல்கள் சிலவற்றில் விதவை என்ற பிரெஞ்சுச் சொல் பெயரோடு சேர்ந்து அச்சாகியிருக்கும். அவற்றுள் பேர்பெற்றது கிளிக்கோ என்ற பெண்ணின் பெயர். 1777இல் பிறந்தவர், 1805இல் 27 வயதில் கணவனை இழந்தார். கையில் ஒரு பெண் குழந்தை. கணவன் வீட்டு வைன் வியாபாரத்தைத் தானே ஏற்று நடத்தினார். போத்தலுக்குள் படியும் மண்டியைக் கழுத்துப் பக்கம் சேர்த்து அகற்றும் முறையை அவரது தொழிலகமே உருவாக்கியது. கலங்கலான வைன் தெளிந்தது. 1866இல் அவர் இறக்கும்போது அது உலகறிந்த தொழிலாக இருந்தது.

ஏன் விதவைகள்? காரணம் சட்டத்தில் இருக்கிறது. 1804ஆம் ஆண்டின் பிரெஞ்சுக் குடியியல் சட்டம் மனைவியைக் கணவனின் அதிகாரத்துக்குக் கீழே வைத்தது. அவன் அனுமதியின்றி அவள் வியாபாரம் செய்ய முடியாது. கணவன் இறந்தால் மட்டுமே அவள் கையொப்பத்துக்கு முழுப் பெறுமதி. கணவனின் சம்மதமின்றி வங்கிக் கணக்குத் திறக்கவும் வேலைக்குப் போகவும் பிரெஞ்சு மனைவிக்கு உரிமை கிடைத்தது 1965இல்தான். எங்கள் தேசவழமையை எடுத்தாலும் 1911ஆம் ஆண்டுக் கட்டளைச்சட்டம் மனைவி தன் சீதனக் காணியை விற்கவோ ஈடு வைக்கவோ கணவனின் சம்மதம் வேண்டும் என்றே வைத்தது. முன்னேறிய நாடு, பின்தங்கிய நாடு என்று நாம் போடும் கோடு பெண் விடயத்தில் அவ்வளவு நேராக ஓடுவதில்லை.

வைன் நாட்டில் அறப்பணிக்கும் ஓர் எடுத்துக்காட்டு உண்டு. பூர்கோஞ் பகுதியிலுள்ள போன் நகரில் 1443இல் நிக்கொலா ரொலேன் என்பவரும் அவர் மனைவி கிகோனும் ஏழைகளுக்கு ஒரு வைத்தியசாலை அமைத்தார்கள். கணவன் இறந்தபின் கிகோன் அதைப் பராமரித்தார். அந்த மண்டபத்திலேயே அடக்கம் செய்யப்பட்டார். நோயுற்றோர் நலனுக்காக மக்கள் திராட்சைக் காணிகளை அதற்கு எழுதி வைத்தார்கள். அந்தக் காணிகளின் வைன் 1859 முதல் நவம்பர் மாதத்தில் ஏலம் விடப்பட்டு, பணம் வைத்தியசாலைப் பணிக்குப் போகிறது. கோயிலுக்குக் காணி எழுதும் வழக்கம் எமக்கும் உண்டு. வைத்தியசாலைக்கும் முதியோர் இல்லத்துக்கும் எழுதலாம் என்பதையும் நாம் நினைக்கலாம்.

பிள்ளைகளோடு பேசவேண்டியது

வைன் நாட்டுக்குப் போனால் வைன் பற்றிப் பேசாமல் முடியாது. எங்கள் சமூகத்தில் இரண்டு தவறான எண்ணங்கள் உலவுகின்றன. ஒன்று, வைன் உடம்புக்கு நல்லது, அது குடியே அல்ல என்பது. மற்றது, வெள்ளைக்காரர் குடித்தும் நன்றாகத்தானே இருக்கிறார்கள் என்பது.

முதலாவதற்கு மருத்துவ விடை உண்டு. எந்த மதுபானமாயினும் அதிலுள்ளது ஒரே அற்ககோல்தான். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் மதுபானத்தை 1988இலேயே மனிதருக்குப் புற்றுநோய் தரும் பொருட்களில் சேர்த்தது. பெண்களுக்கு மார்பகப் புற்றுநோய் ஏற்படும் வாய்ப்பையும் அது கூட்டுகிறது.

இரண்டாவதற்குப் பிரான்சின் வரலாறே விடை. அங்கே பள்ளிக்கூடச் சாப்பாட்டுடன் வைன் கொடுத்த காலம் ஒன்று இருந்தது. 14 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்குக் கொடுப்பதை 1956இல்தான் நிறுத்தினார்கள். குடியால் வந்த ஈரல் நோய், விபத்து, குடும்பச் சீரழிவு எல்லாவற்றையும் அந்த நாடும் அனுபவித்தது. 1991இல் மதுபான விளம்பரங்களைக் கட்டுப்படுத்தும் சட்டம் வந்தது. 18 வயதுக்குட்பட்டோருக்கு விற்க முடியாது. இரத்தத்தில் லீற்றருக்கு 0.5 கிராம் அற்ககோலோடு வாகனம் ஓட்டினால் குற்றம். புதிதாக அனுமதிப்பத்திரம் எடுத்தவருக்கு அது 0.2 கிராம் மட்டுமே, அதாவது ஒரு கிளாசும் கூடாது. 1960களில் ஒருவர் ஆண்டுக்கு 100 லீற்றருக்கு மேல் வைன் குடித்த நாட்டில் இன்று அதில் பாதியும் இல்லை.

ஆகவே தோட்டம் ஒன்றைப் பார்க்கப் போகும் குடும்பங்களுக்குச் சில ஆலோசனைகள். வாகனம் ஓட்டுபவர் சுவைக்கவே கூடாது. சுவைக்கும் இடங்களில் வாயில் வைத்துத் துப்புவதற்குப் பாத்திரம் வைத்திருப்பார்கள், துப்புவது அங்கே மரியாதைக் குறைவல்ல. பிள்ளைகளுக்குத் திராட்சைச் சாறு இருக்கிறதா என்று கேளுங்கள். பதின்ம வயதுப் பிள்ளை கேள்வி கேட்டால் வாயை மூடென்று சொல்லாமல், எங்கள் குடும்பத்தில் குடியால் நடந்ததையும் மறைக்காமல் சொல்லுங்கள். சித்தப்பா ஏன் இளவயதில் இறந்தார் என்பதை நெஞ்சுவலி என்று சொல்லி மூடி வைத்த வீடுகள் எத்தனை!

இலங்கையில் பெண்களுக்கு மதுபானம் விற்பதைத் தடுக்கும் விதி 1979இல் வந்தது. 2018 ஜனவரியில் அதை நீக்கிய அறிவித்தல் சில நாட்களிலேயே திரும்பப் பெறப்பட்டது. வாங்கலாமா வேண்டாமா என்ற அந்த விவாதத்தில், குடியின் செலவைச் சுமப்பவள் யார் என்று கேட்டவர் குறைவு. தீவகத்தில் நான் செல்லும் வீடுகளில் அந்தச் செலவுக் கணக்கு பெண்ணின் கொப்பியில்தான் இருக்கிறது.

எங்கள் பக்கத்திலும் ஒரு பாதை

பரிசிலிருந்து வந்த பிள்ளைகளை இங்கே எங்கே கூட்டிச் செல்கிறோம்? நல்லூர், நயினாதீவு, யாழ்ப்பாணத்து ஐஸ்கிறீம் கடை. அதற்குமேல் ஒருநாள் ஒதுக்கினால் எங்கள் திராட்சை நாட்டையும் பார்க்கலாம்.

நாரந்தனையிலிருந்து வேலணை, அல்லைப்பிட்டி, பண்ணைப் பாலம் வழியாக யாழ்ப்பாணம் 20 கிலோமீற்றர் அளவில். எங்கள் தீவின் கிணறுகளில் உவர் ஏறியது எல்லோரும் அறிந்ததே, இங்கே திராட்சை கடினம். பட்டணத்தைக் கடந்து கோப்பாய், உரும்பிராய், நீர்வேலி, சுன்னாகம் பக்கம் போனால் செம்மண். கீழே சுண்ணாம்புக்கல், நல்ல கிணற்று நீர். 'இஸ்ரேல் புளூ' என்ற கறுத்தத் திராட்சையைக் கல்தூணும் கம்பியும் கொண்ட பந்தலில் படரவிட்டிருப்பார்கள். இங்கே குளிர்காலம் இல்லாததால் கொடி உறங்காது. கத்தரித்தால் துளிர்க்கும், துளிரோடு பூக்கும், நான்கு மாதத்துக்குள் பழம். ஆண்டுக்கு இரண்டு, மூன்று அறுவடை காணலாம். அங்கே குனிந்து பார்த்த பிள்ளை இங்கே அண்ணாந்து பார்ப்பான். தோட்டக்காரரிடம் முதலில் கேட்டுவிட்டு உள்ளே போங்கள், திரும்பும்போது ஒரு கிலோ வாங்குங்கள்.

அங்கிருந்து அச்சுவேலிப் பக்கமாகத் தோலகட்டி. 1928இல் தோமஸ் அடிகளார் தொடங்கிய செபமாலைத் தாசர் சபையின் பிறப்பிடம். செபமும் மௌனமும் உழைப்பும் அவர்களின் வாழ்வு. தோலகட்டி என்றவுடன் யாழ்ப்பாணத்தாருக்கு நினைவு வருவது நெல்லிரசமும் வைனும். இச்சபையின் அருட்சகோதரிகள் கறுவா, கராம்பு மணக்கும் இனிப்பு வைனையும் திராட்சைச் சாற்றையும் நெல்லிரசத்தையும் தயாரித்து விற்கிறார்கள். பெண்கள் கையால் பழத்தைப் பெறுமதி கூட்டி விற்கும் முயற்சி எங்கள் மண்ணிலேயே நெடுங்காலமாக இருக்கிறது என்பதற்கு வேறு சான்று வேண்டாம்.

தீவகத்துக்குத் திராட்சை இல்லாவிட்டால் என்ன, பனை இருக்கிறது. முட்டியின் உட்புறம் சுண்ணாம்பு பூசினால் பாளைச்சாறு கருப்பநீர், காய்ச்சினால் பனங்கட்டி. பூசாவிட்டால் கள். இரண்டும் ஒரே மரத்துச் சாறு. ஒன்று பிள்ளைக்குக் கொடுக்கலாம், மற்றது பல வீடுகளில் பிள்ளையின் சாப்பாட்டுக் காசை எடுக்கிறது. பனை அபிவிருத்திச் சபை 1978இல் தொடங்கப்பட்டது. பனங்கட்டி, பனாட்டு, ஒடியல், ஓலைப்பெட்டி எல்லாவற்றிலும் பெண்ணின் உழைப்பே கூட. ஆனால் பொதியில் ஊர்ப் பெயர் இல்லை, செய்தவள் பெயர் இல்லை, விலையும் அவள் தீர்மானிப்பதில்லை. செந்த் எமிலியோன் என்ற சிற்றூர் தன் பெயரைப் போத்தலில் எழுதி உலகுக்கு விற்கிறது. எங்கள் மாதர் சங்கங்கள் கூடி, நாரந்தனைப் பனங்கட்டி என்று ஒரு பெயர்ச்சீட்டு ஒட்டி, எடையும் திகதியும் சுத்தமும் உறுதி செய்து விற்கத் தொடங்கலாம். விடுமுறைக்கு வரும் உறவுகள் வாங்கும் முதல் வாடிக்கையாளராக இருப்பார்கள்.

பிரான்சில் வாழும் சகோதரிகளுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த முறை லூர்துக்குப் புறப்படும்போது காலையில் புறப்படுங்கள். முன் ஆசனத்தில் ஒருதரம் நீங்கள் இருங்கள். கொடி வரிசை தொடங்கும் இடத்தில் வானை நிறுத்தச் சொல்லி இறங்கி, அந்த மண்ணைக் கையில் எடுத்துப் பாருங்கள். ஊருக்குத் தொலைபேசி எடுக்கும்போது மாதாவுக்கு வைத்த நேர்த்தியைச் சொல்வதோடு, வழியில் கண்டதையும் அம்மாவுக்குச் சொல்லுங்கள். இங்கே அவர்கள் அதைக் கேட்கக் காத்திருக்கிறார்கள்.